உபதேசியாரும் பிடியரிசியும்: திருநெல்வேலிச் சிற்றூர்களில் அன்றாட விசுவாசத்தின் வரலாறு

தென் தமிழகத்தில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவம் வேரூன்றிய வரலாறு பெரும்பாலும் மிஷனெரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஷ்வார்ட்ஸ், ரேனியஸ், கால்டுவெல், ஜான் தாமஸ் ஆகியோரின் பயணங்களும் நூல்களும் அவர்கள் எழுப்பிய கோயில்களும் விரிவாகப் பேசப்படும் அளவுக்கு, அந்தக் கோயில்களில் நாள்தோறும் கூடியவர்கள் தங்கள் விசுவாசத்தை எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பது பேசப்படவில்லை. ஆனால் திருநெல்வேலித் திருச்சபை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றதற்கான காரணத்தைத் தேடுபவர், மேடைப் பிரசங்கங்களைக் காட்டிலும் சம்பளம் குறைந்த ஊர் உபதேசியாரிடமும், உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்த பெண்களிடமுமே அதைக் கண்டடைவார். இந்த எளியவர்கள் நாள்தோறும் கடைப்பிடித்த பழக்கங்களே அங்கே சமயத்தைச் சமுதாயமாக ஆக்கின.

தொடக்கமே இதற்குச் சான்று. பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டு எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இடம்பெற்றனர். அந்தச் சிறு கூட்டத்தை ஒன்றுசேர்த்துத் தாங்கியவர், தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்து ஷ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவை. அவருடைய முயற்சியால் எழுந்த கோயிலை ஷ்வார்ட்ஸ் 1785இல் பிரதிஷ்டை செய்தார். பின்னர் அங்கே பொறுப்பேற்ற சத்தியநாதன், 1790இல் குருப்பட்டம் பெறுவதற்கு முன்னரே உபதேசியாராகப் பணியாற்றியவர். உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாத சபை ஊழியர். ஞானஸ்நானமோ நற்கருணையோ கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆயினும் வேதம் வாசித்தல், ஜெபம் நடத்துதல், பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்தல், நோயாளிகளைச் சந்தித்தல், ஊர்ச் சண்டைகளில் சமாதானம் பேசுதல் ஆகிய அனைத்தும் அவர் தோள்மீதே விழுந்தன.

சாத்தான்குளம் வட்டாரத்தைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் தம் உறவினரிடையே ஊழியம் செய்ததன் விளைவாக, 1797 முதல் அங்கே பனைத்தொழில் செய்யும் நாடார் குடும்பங்கள் கிறிஸ்தவத்தைத் தழுவின. எதிர்ப்பினால் தங்கள் ஊர்களில் இருக்க இயலாமற்போன அவர்களுக்காக 1799இல் நிலம் வாங்கி ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டது. கிறிஸ்தவர்களின் முதல் ஊர் என்ற பொருளில் அதற்கு முதலூர் என்று பெயரிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் அதன்பின் 1816இல் ஜேம்ஸ் ஹஃப் பாளையங்கோட்டைப் படைப்பிரிவின் குருவாக வந்து இச்சபைகள்மேல் அக்கறை கொள்ளும்வரை, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இச்சிற்றூர்களுக்கு நிலையான ஐரோப்பிய மேற்பார்வை இல்லை. பலர் பின்வாங்கினர் என்பது உண்மை. எஞ்சியவர்கள் எஞ்சியதற்குக் காரணம், நாட்டுக்குருமார் சிலரும் உபதேசியார்களும் மணியடித்து ஜெபம் நடத்துவதை விட்டுவிடாததே. மிஷனெரி அறிக்கைகள் இந்தப் பத்தாண்டைச் சபை தளர்ந்துபோன காலமாகவே கருதுகின்றன. இந்த மக்கள் தாங்களாகவே நின்று பழகிய காலமாகவும் அதைக் கொள்வதே நியாயமாகும்.

ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் மறையும்வரை இந்த அமைப்பை விரித்தார். ஊருக்கு ஓர் உபதேசியார், ஊருக்கு ஒரு ஜெபக்கூடம், இயன்ற இடங்களில் பள்ளிக்கூடம் என்ற முறை அவர் காலத்தில் உறுதிப்பட்டது. அவர் 1830இல் தொடங்கிய தர்ம சங்கம் இங்கே குறிப்பிடத்தக்கது. சபையார் தங்கள் கைப்பொருளைச் சேர்த்து நிலம் வாங்கி, துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களைக் குடியேற்றுவதே அதன் நோக்கம். பிறருடைய நிலத்தில் குடியிருந்தவன் நிலக்கிழாரின் சினத்துக்கு அஞ்சியே எந்தச் சமயத்தையும் தழுவ வேண்டியிருந்த ஒரு காலத்தில், சொந்தமாக ஒரு மனையடி கிடைப்பது அவன் மனச்சாட்சிக்கே கிடைத்த விடுதலையாயிற்று. இவ்வாறும் வேறு வகைகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய ஊர்களின் பெயர்கள் இன்றும் வரைபடத்தில் வரிசையாக நிற்கின்றன: சமாதானபுரம், ஆனந்தபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், மெஞ்ஞானபுரம், நாசரேத். டோனாவூர் மட்டும், நிலம் வாங்கப் பொருளுதவி செய்த டோனா என்னும் பிரஷ்ய நாட்டுப் பிரபுவின் பெயரைத் தாங்கியுள்ளது.

இவ்வூர்களின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதைப் பனைத்தொழிலோடு சேர்த்தே புரிந்துகொள்ள முடியும். பதநீர்ப் பருவத்தில் பனையேறி ஒருவர் முப்பதுக்குக் குறையாத மரங்களில் நாளுக்கு இருமுறை ஏறியிறங்கிப் பாளை சீவிக் கலயம் மாற்ற வேண்டும். வீட்டுப் பெண்கள் அந்தப் பதநீரை விறகடுப்பில் காய்ச்சிக் கருப்பட்டியாக வார்க்க வேண்டும். ஆகவே விடியற்கால மணி ஒலிக்கும்போது ஆண்களிற் பெரும்பாலோர் மரத்தில் இருந்தனர். பெண்களும் முதியோரும் பிள்ளைகளுமே ஜெபக்கூடத்தில் கூடினர். மாலையில், வேலை முடிந்து குளித்த பின்னர், ஊரே கூடியது. உபதேசியார் வேதபாகத்தை வாசித்து, வாசித்ததையே கேள்வியும் விடையுமாகச் சபையாரிடம் திரும்பக் கேட்டார். எழுத்தறியாதவர்கள் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் சங்கீதங்கள் சிலவற்றையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தனர். இதற்குத் துணைநின்றவை கீர்த்தனைகள். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் தமிழ் இசை மரபில் இயற்றிய பாடல்கள், செவிவழியாகவே பாமர மக்களிடம் இறையியலைக் கொண்டுசேர்த்தன. குருமார் ஆண்டுக்குச் சிலமுறை மட்டுமே வந்துபோன ஊர்களில், இந்தப் பாடல்களும் மாலை ஜெபமுமே திருச்சபையாக இருந்தன என்றால் அது மிகையாகாது.

ஓய்வுநாளைக் கைக்கொள்வது இந்த மக்களுக்குக் கடினமான சோதனை. பாளையை நாள் தவறாமல் சீவாவிட்டால் அது பதநீர் சுரப்பதை நிறுத்திவிடும்; மரமோ ஞாயிற்றுக்கிழமையை அறியாது. குத்தகைக்கு மரமேறியவருக்கு ஒருநாள் ஓய்வு என்பது பருவத்தின் வருமானத்தையே பாதிக்கக்கூடியது. உழவருக்கும் அலுவலகப் பணியாளருக்கும் எளிதாகப்பட்ட ஒரு கட்டளை பனையேறிக்கு எவ்வளவு பாரமாயிருந்தது என்பதை எண்ணிப்பார்ப்பவர், அவர்களின் பக்தியைப் புறத்தோற்றத்தைக் கொண்டு எடைபோடத் தயங்குவார். பிரகாசபுரத்தைச் சேர்ந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளை, ஐரோப்பிய மிஷனெரிகளின் அதிகாரத்தை மறுத்து 1857இல் இந்து கிறிஸ்தவ ஏக ரட்சகர் சபையைத் தோற்றுவித்தபோது, பழைய ஏற்பாட்டின்படி சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொண்டார். அன்றாட ஆசரிப்பு பற்றிய கேள்விகளை அந்த ஊர் மக்கள் தாங்களே வேதத்தைப் படித்துத் தீர்த்துக்கொள்ளத் துணிந்தனர் என்பதற்கு இப்பிரிவு ஒரு சான்று.

வழிபாட்டை அடுப்படிவரை கொண்டுசென்றது பிடியரிசி. உலையில் இடுவதற்காக அரிசியை அளந்து எடுத்த பிறகு, அதிலிருந்தே ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு, வாரந்தோறும் அல்லது குறித்த நாளில் சபைக்குக் கொடுப்பது இவ்வழக்கம். மடங்களுக்கும் கோயில்களுக்கும் அன்னதானத்துக்கும் பிடியரிசி சேர்ப்பது தமிழ் நாட்டில் பரவலாக இருந்த பழக்கம். கிறிஸ்தவப் பெண்கள் அதைத் தங்கள் காணிக்கையாக மாற்றிக்கொண்டனர். இதன் சிறப்பை மூன்று நிலைகளில் காணலாம். பணப்புழக்கம் அரிதான வீட்டிலும் இதைக் கொடுக்க முடியும். கொடுப்பவர் குடும்பத் தலைவர் அல்லர். சொத்துரிமை இல்லாத வீட்டுப் பெண். அரிசி உண்ணும் ஒவ்வொருவர் பங்கிலிருந்தும் ஒரு சிறு அளவு குறைவதால், அந்த வீட்டார் அனைவரும், குழந்தைகள் உட்பட, அறிந்தும் அறியாமலும் கொடுப்பவராகின்றனர். இதையொத்த வழக்கம் வடகிழக்கே மிசோ மலைகளிலும் 1910இல் பெண்களிடையே தொடங்கி, 'புஃபாய் தாம்' என்ற பெயரில் அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் பெருவருவாய்களில் ஒன்றாக வளர்ந்தது.

பிடியரிசியோடு வேறு காணிக்கைகளும் சேர்ந்தன. முதல் வாழைத்தார், முதல் சிப்பம் கருப்பட்டி, வீட்டில் வளர்த்த கோழி, அதன் முட்டை ஆகியவை கோயிலுக்கு வந்தன. ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே ஏலம் விடப்பட்டன. ஏலத்தில் எடுப்பவர் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கேட்பதையும் காணிக்கையாகவே கருதினார். ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையும், உறுப்பினர் செலுத்தும் சங்கக் காணிக்கையும் சேகரத்தின் செலவுகளைத் தாங்கின. சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள பல ஊர்ச்சபைகளின் தொகுதி. 1847இல் திறக்கப்பட்டுப் பின்னர் 192 அடி உயரக் கோபுரம் பெற்ற மெஞ்ஞானபுரம் கோயிலையும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டப்பட்டு 1880இல் பிரதிஷ்டையான இடையன்குடிக் கோயிலையும் காண்போர் ஜான் தாமஸையும் கால்டுவெல்லையும் நினைப்பது இயல்பே. சுற்றுவட்டாரத்துப் பனையேறிகள் அவற்றுக்குத் தந்த உழைப்பையும் உடன் நினைப்பதே முறை.

இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. ஆயர் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே நீங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூர்ச் சபை பிளவுபட்டது; கீர்த்தனைகளால் போற்றப்பட்ட வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த ஆணையை எதிர்த்தோர் பக்கம் நின்றார். திருநெல்வேலியிலோ சிக்கல் வேறு வடிவில் இருந்தது. ஓர் ஊர் பெரும்பாலும் ஒரே சாதியாராக இருந்ததால், சபை ஒற்றுமை என்பது சாதி ஒற்றுமையோடு கலந்துவிட்டது. ஒரே சேகரத்துக்குள் தனித்தனி ஊர்களாக வழிபட்டவர்கள், தங்களுக்கிடையே உள்ள சுவரைக் காணாமலே வாழ முடிந்தது. சபையார் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அசன விழா, அதாவது கோயில் வளாகத்தில் சமைத்துப் பரிமாறப்படும் பொது உணவு, அந்தச் சுவரை இடிக்க வல்ல வழக்கம். உடன் உண்ணுதல் சாதியின் வேரையே தொடுவது என்பதைத் தமிழர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பந்தி எழுந்தபின் அந்த ஒற்றுமை திருமண உறவுவரை சென்றதா என்று கேட்டால், பெரும்பாலும் செல்லவில்லை என்பதே விடை. ஜெபத்திலும் கொடுத்தலிலும் முன்மாதிரியாக விளங்கிய ஒரு திருச்சபை இதில் தோற்றது என்றே கூற வேண்டும்.

அதே சபையின் பழக்கங்கள் அதன் எல்லையைத் தாண்டிச் சென்ற ஒரு காலமும் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிவந்ததைக் கண்டார். தம்மைவிட எண்ணிக்கையில் குறைந்த ஒரு சபை செய்வதைத் திருநெல்வேலி ஏன் செய்யவில்லை என்ற கேள்வியிலிருந்து, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. சாமுவேல் பாக்கியநாதன் அதன் முதல் மிஷனெரியாக, ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப்பகுதியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு அனுப்பப்பட்டார். மொழி வேறு, உணவு வேறு, சாதி வேறு. உள்ளூரில் கடக்க இயலாத சுவரைத் தெலுங்கு நாட்டின் மாலா, மாதிகா மக்களிடையே சென்று கடந்தவர்களை அனுப்பியதும் திருநெல்வேலிதான்.

அசரியா 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் தோர்ணக்கல் ஆயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஆயரான முதல் இந்தியர் அவரே. திருநெல்வேலிச் சிற்றூரின் பாடத்தை அவர் அங்கும் மறக்கவில்லை. நிலமற்ற கூலிகளான புதிய கிறிஸ்தவர்களையும் கொடுப்பவர்களாகவே அவர் வளர்த்தார்; ஞானஸ்நானம் பெற்றோர் தங்கள் தலைமேல் கை வைத்து, தாம் சுவிசேஷத்தை அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்று உறுதிகூறச் செய்தார். உள்ளூர்க் கட்டடக் கலையைத் தழுவி எழுந்த தோர்ணக்கல் பேராலயம் 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்குப் பல்லாண்டுகள் உழைத்த அவர், இரண்டாண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார்.

இத்தனைக்கும் பின்னால் நின்ற உபதேசியார்களின் பெயர்களும், சங்கக் காணிக்கை செலுத்திய பெண்களின் பெயர்களும், அச்சேறிய வரலாற்றில் சிலவே உள்ளன. அவை ஞானஸ்நானப் பதிவேடுகளிலும், சேகரக் கணக்குப் புத்தகங்களிலும், உபதேசியார்கள் எழுதிய நாட்குறிப்புகளிலும் இருக்கக்கூடியவை. தாள் எளிதில் செல்லரிக்கும் தட்பவெப்பம் இது. ஊர்தோறும் நூற்றாண்டு விழாக்களை எடுக்கும் சபைகள், விழா மலருக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி, தங்கள் பெட்டகத்தில் உள்ள பதிவேடுகளை முதலில் படியெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும்.