தலைப்பாகையும் தர்மமும்: வேலூர், 1806

எத்தனை பெரிய விலைக்கும் விட்டுத்தர முடியாதவை என்று ஒரு சமூகம் கருதும் இடம், பொருள், அடையாளம் முதலியவற்றை மோதல்களை ஆராயும் அறிஞர்கள் ‘புனித விழுமியங்கள்’ என்று அழைக்கின்றனர். ஸ்காட் அட்ரான், ஜெரமி கிங்கஸ் முதலானோர் இஸ்ரேலியரிடையிலும் பாலஸ்தீனரிடையிலும் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய ஒன்றுக்கு ஈடாகப் பணம் தருவதாகச் சொன்னபோது எதிர்ப்பு தணிவதற்கு மாறாக மேலும் கடுமையானது. சம்பளம் வாங்கும் சிப்பாய் எந்த ஆணைக்கும் பணிவான் என்று நம்பியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வேலூர்க் கோட்டையில் இதே பாடத்தைக் கண்டது.

ஜான் கிரடாக் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தபோது, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் நெற்றியில் திருநீறோ நாமமோ இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தாடியை மழித்து மீசையை ஒரே அளவில் கத்தரிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டதுடன், தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் புகுத்தப்பட்டது. மேலதிகாரிகளுக்கு இது சீருடைச் சீர்திருத்தம் மட்டுமே. அந்தத் தோல் பசுவினுடையதோ என்று இந்துவும் பன்றியினுடையதோ என்று முஸ்லிமும் அஞ்சினர். ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்த அதை அணிந்து ஊர் திரும்பினால், மதம் மாறிவிட்டான் என்று உறவே தள்ளிவைக்கும் என்ற கலக்கம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

1806 மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தபோதே ஆணையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ஆனால் மறுத்தவர்கள் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, இருவர் கசையடிக்குப் பின் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். மனச்சான்றின் மறுப்பை ஒழுங்கீனம் என்று தண்டித்த இந்த முடிவே, தலைப்பாகையைக் காட்டிலும் பெரிய பிழை.

ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் துப்பாக்கிகள் முழங்கின. ஐரோப்பியர் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். திப்பு சுல்தானின் கொடி ஏற்றப்பட்டது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி அன்றே கோட்டையைக் கைப்பற்றியபின் கொல்லப்பட்ட சிப்பாய்களின் எண்ணிக்கை பல நூறு.

கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மைந்தர்களின் சதியே இது என்று அன்றைய அதிகாரிகள் பலர் எழுதினர். அவர்கள் அங்கே இருந்ததும் சிப்பாயின் ஊதியம் குறைவாக இருந்ததும் மெய்யே. எனினும் இவை ஆண்டுக்கணக்கில் இருந்தவை. இந்துவையும் முஸ்லிமையும் அந்த இரவில் ஓரணியில் நிறுத்தியது, இருவரின் சமயத்தையும் ஒருசேரத் தொட்ட அந்த ஆணைதான்.

கலகத்துக்குப் பின்னர் ஆணை கைவிடப்பட்டது. கிரடாக்குடன் சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார். 1828-இல் தலைமை ஆளுநராக மீண்டும் இந்தியா வந்த பென்டிங்க், உடன்கட்டை ஏறுதலை 1829-இல் தடைசெய்தபோது, சிப்பாய்கள் அத்தடையை எவ்வாறு ஏற்பர் என்று படை அதிகாரிகளிடம் கருத்துக் கேட்டறிந்த பின்னரே சட்டத்தில் கையெழுத்திட்டார்.