மகுல் மடுவவில் ஒரு கேள்வி

சென்ற தவணை பத்தாம் தரப் பிள்ளைகளை வத்தேகம வழியாகக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். தலதா மாளிகையை அடுத்த அரச சபா மண்டபத்தில், செதுக்கிய மரத்தூண்களைத் தடவியபடி நின்றார்கள். சிங்களத்தில் மகுல் மடுவ. 1783இல் இராஜாதிராஜசிங்க மன்னன் கட்டத் தொடங்கியது. சுவர் கிடையாது, தூண்களும் ஓட்டுக்கூரையும்தான். பிற்பாடு ஆங்கிலேயர் அதை நீட்டிவிட்டார்கள். இன்று காணும் நீளம் மன்னன் கண்டதல்ல.

கண்டி மன்னர்கள் பிறநாட்டுத் தூதர்களை எளிதில் அண்டவிட்டதில்லை. நாட்கணக்கில் காக்கவைத்து இரவில்தான் அழைப்பார்கள். இந்த மண்டபம் எழுமுன், 1762இல், மதராசிலிருந்து வந்த ஜோன் பைபஸ் அரசன் முன் நெடுநேரம் முழந்தாளிட வேண்டியிருந்தது.

1815 மார்ச் 2இல் எல்லாம் தலைகீழ். மண்டபத்தில் மன்னன் இல்லை. பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே, எங்கள் தும்பறை மலைப்பக்கத்து மெதமகாநுவரவில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டிருந்தான். பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். இங்கே தேசாதிபதி பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடியிருக்க, பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது.

பௌத்தத்தைப் பாதுகாக்கும் ஐந்தாம் பிரிவைப் பரீட்சைக்காக எல்லோரும் படிப்பிக்கிறோம். மூன்றாம் பிரிவை நானும் இத்தனை வருடமாக ஓட்டமாகத்தான் கடந்திருக்கிறேன். மன்னனின் ஆண் உறவினர் கண்டி நாட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றித் திரும்பினாலும் அதுவே. மலபார் என்று அன்றைய ஆங்கிலேயர் சொன்னது தமிழரை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கீழ் பிரதானிகள் சிலர் இட்ட ஒப்பங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன! கண்டி அரசவைக்குத் தமிழ் அந்நியமாக இருக்கவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பிள்ளையொன்று கேட்டது:

"அப்ப எங்க ஆளுங்களுக்கு யாரு சேர் அனுமதி குடுத்தா?"

கம்பளைக்கருகே 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டதைச் சொன்னேன். எங்கள் மலைகளும் முதலில் கோப்பி மலைகள்தான். மூன்றாம் பிரிவை எழுதிய அதே அரசாங்கத்தின் கீழ்தான், மன்னாரில் இறங்கி மாத்தளைக் காட்டுவழியே ஆயிரமாயிரமாய்த் தமிழர் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

"அனுமதிக் கடுதாசி இருந்திச்சா சேர்?" என்று விடாமல் கேட்டது பிள்ளை.

மறுநாள் வகுப்பில் மூன்றாம் பிரிவை முதன்முறையாக முழுவதும் கரும்பலகையில் எழுதினேன்.