படைப்புவாதமும் பரிணாமமும்: புதுச்சேரி மண்ணிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பார்வை

கடவுள் உலகையும் உயிர்களையும் ஆறே நாளில், அதுவும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் படைத்தார் என்பது படைப்புவாதம். எல்லா உயிர்களும் பொது முன்னோர்களிலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மாறி வந்தவை என்பது பரிணாமக் கொள்கை. கிறிஸ்தவர் என்றால் முதல் கட்சி, அறிவியல் படித்தவர் என்றால் இரண்டாம் கட்சி என்று பொதுவில் ஒரு நினைப்பு உண்டு. புதுச்சேரி வட்டாரத்தின் வரலாறு அந்த நினைப்புக்கு இடம் கொடுப்பதில்லை.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1770களில் வீராம்பட்டினம் பக்கத்தில் பிரெஞ்சு மிஷனரி பிஞோ தெ பெயேன் நடத்திய குருமடத்தின் செங்கல் சுவர்கள் அங்கே இடிந்து நிற்கின்றன. அதே மேட்டில் 1940களின் தொடக்கத்தில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்களில் ஃபோஷோ என்ற கத்தோலிக்க குருவும் ஒருவர். தொல்லியலாளர் வீலரின் புகழ்பெற்ற அகழாய்வு நடந்தது அதற்குப் பிறகு, 1945இல். ரோமானிய வணிகம் வந்துபோன அந்தத் துறைமுகத்தின் வயது சுமார் 2000 ஆண்டு. இந்தக் கணக்கில் எந்தச் சபைக்கும் சிக்கல் இல்லை. வடமேற்கே வழுதாவூர், திருவக்கரைப் பக்கம் போனால்தான் கணக்கு இடிக்கத் தொடங்குகிறது.

திருவக்கரையில் செம்மண் மேட்டில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கணுவும் நார்வரியும் அப்படியே தெரியும். தட்டினால் கல்லின் ஓசை வரும். மரத்தின் திசுக்களுக்குள் சிலிக்கா புகுந்து உறைந்து இந்த நிலைக்கு வந்திருக்கிறது. கொல்லப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வார்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781இல் இவற்றைப் பதிவு செய்தார். இன்று இது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியக் கல்மரப் பூங்கா. மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள்.

வழுதாவூர் அடுக்கு இதைவிட மிகப் பழையது. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் அந்தக் கடலில் வாழ்ந்தன. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய மூன்று வட்டாரங்களிலும் கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய புதைபடிவங்களை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். பின்னாளில் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், ஐரோப்பாவின் சுண்ணப்பாறைக் காலத்து உயிர் வடிவங்களுக்கு ஒப்பானவை கிடைக்கும் தொலைதூர இடங்களை அடுக்கும்போது டார்வின் இந்தியத் தீபகற்பத்தையும் சேர்த்தார். அதைப்பற்றி அப்போது அச்சிலிருந்த முதன்மையான பதிவு ஃபோர்ப்ஸின் அறிக்கைதான்.

இனி விவாதத்துக்கு வரலாம். திருவக்கரை மரங்களுக்குக் கிளை இல்லை, இலை இல்லை, வேரும் இல்லை. எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்து புதைந்தவை என்றுதான் புவியியலாளர்களும் சொல்கிறார்கள். வெள்ளம் என்றதும் நோவா காலத்துப் பெருவெள்ளமே அது என்று படைப்புவாதி சொல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அடுக்கின் வரிசை அதற்கு இசையவில்லை. கீழே வழுதாவூர் அடுக்கு, அதில் அம்மோனைட்டுகள். அதற்கு மேல் மணவெளி அடுக்கு, அதில் அம்மோனைட் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே கடலூர் மணற்கல், அதில்தான் கல்மரங்கள். ஒரே ஆண்டில் ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் வாரிப் போட்டிருந்தால் சிப்பியும் சுருள் ஓடும் மரமும் கலந்தல்லவா கிடக்க வேண்டும்?

இதே கேள்விக்கு இங்கிலாந்தில் விடை தேடியவர்களில் பலர் பாதிரியார்களே. வில்லியம் பக்லாண்ட் ஆங்கிலிக்கன் குரு. குகை எலும்புகளைக் கொண்டு நோவாவின் வெள்ளத்தை நிறுவ 1823இல் முயன்றவர், 1836இல் அந்தக் கருத்தைக் கைவிட்டார். டார்வினுக்குப் புவியியல் கற்பித்த ஆடம் செட்ஜ்விக்கும் குருவே. பூமி மிகப் பழையது என்று ஏற்ற அவர் பரிணாமத்தைக் கடுமையாக எதிர்த்தார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே பக்தியுள்ள பிரஸ்பிட்டேரியன், டார்வினுக்காக வாதாடியவர். இவர்களில் யாருடைய கருத்தைக் 'கிறிஸ்தவப் பார்வை' என்று எடுத்துக்கொள்வது?

படைப்பின் 'நாள்' நமது 24 மணி நேரம்தானா என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புனித அகுஸ்தீனார் ஐயப்பட்டார். உலகம் கி.மு. 4004இல் தோன்றியது என்ற பேராயர் அஷரின் கணக்கு 1650இல்தான் வெளிவந்தது. அடுக்கடுக்கான பாறைகள் அனைத்தையும் ஒரே வெள்ளத்தின் தலையில் கட்டும் இன்றைய 'வெள்ளப் புவியியல்' இன்னும் இளையது. ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையைச் சேர்ந்த மெக்ரெடி பிரைஸ் 1923இல் அதை விரிவாக எழுதினார். விட்கம், மோரிஸ் இருவரும் 1961இல் வெளியிட்ட நூல் அதை உலகெங்கும் பரப்பியது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் பழைய சொத்து என்று இதைச் சொல்ல முடியாது. இங்கே பழையது இயற்கையை நேரில் ஆராயும் மரபுதான். தரங்கம்பாடி மிஷனரி ஜான், கரையோர மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீனியலாளர் பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் பெயரால் 'ஜோனியஸ்' எனப்பட்ட பேரினத்து மீன்களைத்தான் நம் மீனவர்கள் கத்தாழை என்கிறார்கள். அதே மரபில், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் உலர்தாவரகத்தை உருவாக்கிய இயேசு சபைக் குரு கே.எம். மேத்யூ, தமிழ்நாட்டின் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு ஒரே நாளில் உருவானதல்ல. மனித உடலின் தோற்றம் பற்றிப் பரிணாம நோக்கில் ஆராயத் தடையில்லை என்று 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அறிவித்தார். ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல, அதற்கு மேற்பட்டது என்று 1996இல் 2ஆம் யோவான் பவுல் சொன்னார். கடவுளை மந்திரக்கோல் பிடித்த மந்திரவாதியாக எண்ண வேண்டாம் என்று 2014இல் பிரான்சிஸ் சொன்னார். மறுபக்கம் அட்வெண்டிஸ்ட் சபை 2015இல் தன் விசுவாச அறிக்கையைத் திருத்தி, படைப்பு அண்மையில் ஆறு நாளில் நடந்தது என்று இன்னும் இறுக்கியது. பெந்தெகொஸ்தே விசுவாசிகள் பலரும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக்கு எழுத்து ஏற்பவர்களே.

'குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது?' என்ற கேள்வி விடாமல் கேட்கப்படுகிறது. குரங்கும் மனிதனும் ஒரு பொது முன்னோரின் இரண்டு கிளைகள் என்றதும் அது முடிந்துவிடும். உண்மையில் கடினமான கேள்வி வேறு. பாவத்தால் மரணம் உலகில் நுழைந்தது என்று திருத்தூதர் பவுல் ரோமருக்கு எழுதினார். வழுதாவூரிலோ ஆதாமுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே உயிர்கள் செத்துக் கிடக்கின்றன. பவுல் சொன்னது மனிதரின் ஆன்மிக மரணத்தை என்று பரிணாமத்தை ஏற்கும் இறையியலாளர் பலர் விளக்கம் தருகிறார்கள். ஆதாம் ஒரு தனி மனிதனா, மனிதகுலத்தின் உருவகமா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆறு நாளா, ஆறு யுகமா என்ற சண்டையைவிட இதுவே பேசத் தகுந்தது.

பேசுவதற்குப் பள்ளியில் அடிப்படை கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக இருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அந்தப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறின. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கான பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி.யோ 10ஆம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கிவிட்டது. 2023இல் அறிவியலாளர்கள் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 12ஆம் வகுப்பு உயிரியலில் அந்தப் பாடம் தொடர்கிறது. 10ஆம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் அரியாங்குப்பத்துப் பிள்ளைக்கு, பக்கத்திலேயே கிடக்கும் கல்மரத்தின் கதையைச் சொல்ல இப்போது பாடநூல் இல்லை.