சாம்பார் சாதமும் வீட்டு நாயும்

"ஊர்ல எங்க தெரு நாய்ங்க எல்லாம் சாம்பார் சாதம், வத்தக்குழம்பு சாதம் தின்னுதான் வளர்ந்துச்சு. ஒண்ணும் ஆகலையே?" ஹைதராபாத்தில் நாய் வளர்க்கிற நம்ம ஆட்களிடம் வெங்காயம் போடாதீங்க என்று சொன்னால் உடனே வருகிற பதில் இது. நியாயமான கேள்விதான். வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று முதலில் யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடினேன். கதை நாயில் தொடங்கவில்லை, மனிதர்களுக்கு வந்த ஒரு வியாதியில் தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளை பெல்லக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், புத்தி பேதலிக்கும். இது தொற்று நோய் இல்லை, சாப்பாட்டுக் குறைதான் என்று 1914 முதல் போராடி நிரூபித்தவர் ஜோசப் கோல்ட்பெர்கர். அதே மாதிரிச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டால் அதற்கு 'கருநாக்கு' நோய் வந்தது. அப்புறம் என்ன, எந்த உணவு நோயைத் தடுக்கும் என்று பார்க்க நாய்களே பரிசோதனைக்கூடமாகிவிட்டன. கோல்ட்பெர்கர் 1929-ல் இறந்துபோனார். அவரோடு வேலை பார்த்த செப்ரெல், வெங்காயம் தின்ற நாய்களுக்கு ரத்தசோகை வருகிறது என்று 1930-ல் எழுதினார். தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் பழைய செய்தி இது!

(பெல்லக்ராவுக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடுப்பு உண்டு. குன்னூரிலிருந்து 1950-களின் கடைசியில் தார்நாகா பக்கம் வந்த ஊட்டச்சத்து நிறுவனத்தில்தான், சேலத்துக்காரரான டாக்டர் சி. கோபாலன் தக்காணத்தில் சோளம் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் பெல்லக்ராவை ஆராய்ந்தார். அங்கேயும் நாய்க்குட்டிகள் உண்டு.)

வெங்காயத்தில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினைக் கெடுக்கின்றன. கெட்டது திரண்டு அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணுக்களை உடம்பே அழித்துவிடுகிறது. வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் இந்தக் குணம் போகாது. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும் என்கிறது கால்நடை மருத்துவம். அதாவது பத்துக் கிலோ நாய்க்கு 150 கிராம். ஒரு கை சின்ன வெங்காயம் உரித்துப் போட்ட சாம்பாரில் வழித்துக் கொடுக்கும் மிச்சத்தில் அவ்வளவு இருக்காதுதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் பாதிப்பு சேரும். அதுவும் சாப்பிட்ட அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகும், நாய் சுருண்டு படுக்கும். ஊர்த் தெரு நாயின் ஈறை யார் பார்த்தோம்? ஒரு நாள் காணாமல் போனால், வண்டியில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிடுவோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், செப்ரெல் 1950 முதல் 1955 வரை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கே இயக்குநராக இருந்தார். அவர் பதவியை விட்ட அதே 1955-ல் இங்கிலாந்தில் ஜூலியட் டி பைராக்லி லெவி நாய்களுக்கான மூலிகைப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அவருக்குப் பூண்டு சர்வரோக நிவாரணி. குடற்புழுவுக்குப் பூண்டு என்று இன்றும் அபார்ட்மென்ட் வாட்ஸப்பில் சுற்றுவது இந்த வழியில் வந்ததுதான் என்பது என் ஊகம்.

பூண்டை ஒழுங்காகச் சோதித்தது ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகம். 2000-ல் வந்த கட்டுரை. நாலு நாய்களுக்கு, கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்குச் சமமான சாறு, ஏழு நாள். சிவப்பணு எண்ணிக்கை 9-லிருந்து 11-ஆம் நாளுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கியது. ஆனால் எந்த நாய்க்கும் ரத்தசோகை நோயாக முற்றவில்லை. "பார்த்தீங்களா, பூண்டு சேஃப்" என்று சொல்கிறவர்களும் இதே கட்டுரையைத்தான் காட்டுகிறார்கள். எழுதியவர்களோ பூண்டு கலந்த உணவை நாய்க்குத் தவிர்க்கச் சொல்லித்தான் முடித்திருக்கிறார்கள்.

வெங்காயம், பூண்டு இரண்டையும் எடுத்துவிட்டு ரசம் சாதம் போடலாமா? அங்கேதான் புளி வந்து நிற்கிறது. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்பது ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. வீட்டில் செய்த விளையாட்டு மாவை ஒரு நாய் தின்று அதே மாதிரி பாதிக்கப்பட்டபோதுதான் துப்பு கிடைத்தது. அதில் 'க்ரீம் ஆஃப் டார்டர்' என்ற டார்டாரிக் அமில உப்பு இருந்தது. 2021-ல் அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தை வைத்தார்கள். அடுத்த வருஷம் வந்த அறிக்கையில் புளி தின்ற நாயும் சேர்ந்தது. புளியின் புளிப்பே முக்கியமாக அந்த அமிலம்தானே!

பச்சிலைகள் விஷயத்தில் இவ்வளவு பயம் வேண்டாம். கொத்தமல்லித் தழை நச்சில்லை. புதினா நாலு இலை பரவாயில்லை, கட்டாகத் தின்றால் வாந்தி, பேதி வரும்.

எங்கள் வீட்டில் குக்கரைத் திறந்ததும், தாளிப்பதற்கு முன்னால், உப்பில்லாத பருப்பும் சாதமும் அதற்குத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். மேலே கொத்தமல்லி இரண்டு இணுக்கு. ஊரிலிருந்து மாமியார் வந்தால் மட்டும் புளிப்பானையை மேல் ஷெல்புக்கு ஏற்றிவிடுவேன். அவர் கை தாராளம்.