கணினிக் கூட்டமும் மாடிச் சாவியும்

மாதம் ஒரு கூட்டம் நடத்த முதலில் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், சாவி என்றுதான் சொல்வேன். பேச்சாளர், தலைப்பு, நாற்காலி, டீ எல்லாம் அதற்குப் பிறகு. எங்களுக்கு இடம் கொடுத்தவர் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முதலாளி. இரண்டாவது ஞாயிறு காலை 9.30 மணிக்கு அவர் வீட்டுக்குப் போய் மாடிச் சாவியை வாங்க வேண்டும். பகல் 12 மணிக்குள் பூட்டித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் வாசலில் வந்து நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். வாடகை வாங்காத மனிதர், அவரை ஒன்றும் சொல்ல முடியாது.

1998 தொடங்கி நாலரை வருஷம், புதுச்சேரியில் எங்கள் கணினி பயனர் குழுவுக்குக் கூட்டம் ஏற்பாடு செய்தவன் நான். எனக்குக் கணினி நன்றாகத் தெரியும் என்பதால் அல்ல. அரசாங்க கிளார்க், மினிட்ஸ் எழுதுவான், தபால் போடுவான், கணக்கு வைப்பான் என்று என் தலையில் கட்டினார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. கம்ப்யூட்டர் என்ற சொல்லே எனக்குப் பிறகுதான் வந்தது, 'ஒர்தினாத்தேர்' என்பதுதான் முதலில் தெரியும். அந்தச் சொல் 1955ல் பிறந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் இயந்திரத்துக்கு நல்ல பிரெஞ்சுப் பெயர் வேண்டும் என்று கேட்க, சொர்போன் பல்கலைக்கழகத்து லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்த பெயர். ஒழுங்குபடுத்துபவர் என்ற பொருளில் கடவுளுக்குச் சொல்லப்பட்ட பழைய சொல்லாம். நம்மவர்கள் கணிப்பொறியா கணினியா என்று சண்டை போட்டபோதெல்லாம், ஒரு கடிதத்தில் முடிந்த அந்த வேலையை நினைத்துக்கொள்வேன்.

முதல் கூட்டத்துக்கு வந்தது ஒரே ஒரு கணினி. பாரீஸில் இருக்கும் என் மைத்துனர் விட்டுவிட்டுப் போன பழைய மெஷின். அதில் பிரெஞ்சு விசைப்பலகை. கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும், எண் அடிக்க ஷிப்டை அழுத்த வேண்டும். இஞ்சினியரிங் படிக்கும் பிள்ளைகள் ஒரு வரி அடிப்பதற்குள் திண்டாடிவிட்டார்கள். எனக்கு மட்டும் விரல் தானாகப் போனது. அந்த ஒரு நாள்தான் குழுவில் நான் நிபுணன்.

இப்படிப்பட்ட குழுக்களுக்கெல்லாம் மூதாதை ஒன்று அமெரிக்காவில் இருந்தது என்பதை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர். 'வீட்டுச் சரக்கு' என்று வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் பிரெஞ்ச் என்பவருடைய கார் ஷெட்டில், 1975 மார்ச் 5 அன்று முதல் கூட்டம். நல்ல மழை. அப்படியும் 32 பேர் வந்தார்கள். கூட்டத்துக்கு மூல காரணம் ஒரு பெட்டி. அந்த ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800. 400 டாலருக்குள் பாகங்களாக அனுப்புவார்கள், வாங்குபவர்தான் பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. நினைவகம் 256 பைட். இந்தப் பத்தியில் பாதிகூட அதில் அடங்காது. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டும். வாங்கியவர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால்தான் கூடினார்கள்.

(இதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1973ல், பிரான்சில் மிக்ரால் என்ற சிறு கணினியைச் செய்து விற்றிருக்கிறார்கள். வடிவமைத்தவர் பிரான்சுவா ழெர்னெல். அந்தக் கம்பெனியை நடத்தியவர் சைகோனில் பிறந்த ஆந்த்ரே துருவோங். சைகோனில் உறவு இல்லாத பழைய புதுச்சேரிக் குடும்பம் குறைவு என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

கார் ஷெட் கூட்டத்தைக் கூட்டிய இன்னொருவர் பிரெட் மூர். எனக்கு இவர்மேல்தான் தனிப் பிரியம். ராணுவ அதிகாரியின் மகன். 1959ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், மாணவர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி கூடாது என்று நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தவர். இவருக்குக் கணினி பெரிதல்ல, மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்க அது ஒரு சாக்கு. முதல் கூட்டத்திலேயே யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று பெயர், முகவரியோடு எழுதிக்கொண்டார். குழுவின் செய்தி மடலையும் அவரே தயாரித்தார். எங்கள் பாஷையில் சொன்னால் அவர்தான் கிளார்க்.

கூட்டம் பெருகப் பெருக இடம் மாறி, கடைசியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அணு ஆய்வுக்கூடத்தின் அரங்கில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று நிலைத்தது. அங்கே கூட்டத்தை நடத்தியவர் லீ பெல்சென்ஸ்டைன். இவர் செய்த ஏற்பாட்டைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை அவர் பகுதி பகுதியாகப் பிரித்தார். முதலில் 'வரைபடம்' எடுப்பது. எழுந்து நின்று, எனக்கு இது தெரியும், எனக்கு இது வேண்டும், இப்படி ஒரு வதந்தி கேள்விப்பட்டேன் என்று ஆளாளுக்கு ஓரிரு வாக்கியம் சொல்லலாம். யாராவது நீட்டினால் அடுத்தவரைக் கைகாட்டிவிடுவார். பிறகு ஒருவர் பேசுவார் அல்லது செய்து காட்டுவார். அதற்கப்புறம் அவிழ்த்துவிட்டது மாதிரி. அவரவர் குறித்துவைத்த ஆளைத் தேடிப்போய்ப் பேச வேண்டியதுதான். அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் முதல் இரண்டும்.

நான் எப்படி நடத்தினேன் என்று சொல்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை. தலைமை உரை. சிறப்பு விருந்தினருக்குத் துண்டு போர்த்துவது. சென்ற மாத மினிட்ஸ் வாசிப்பது. இதற்கே முக்கால் மணி. பிறகு பேச்சு ஒரு மணி நேரம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், பேச்சாளர் சென்னையிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவராக இருப்பார், தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சம். கேள்விக்குப் பத்து நிமிஷம். நன்றியுரை. சாவி. ஆபீஸ் பழக்கம் என்னை விடவில்லை.

ஒரே ஒரு கூட்டத்தில் அந்த ஒழுங்கு தானாக உடைந்தது. 1999 நவம்பர். 2000ஆம் ஆண்டுப் பிரச்சினை பற்றிப் பேச்சு. வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பழைய மெஷின்கள் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்பது விஷயம். வழக்கமாக இருபது பேர் வரும் இடத்தில் அறுபது பேர். பாதிப் பேர் கணினியைத் தொட்டே பார்க்காத, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள். பேச்சாளர் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "மிசியே, நான் பிறந்தது 1924. மெஷின் இது 1900 என்று நினைத்தால், நான் இன்னும் பிறக்கவே இல்லை என்று பென்ஷனை நிறுத்திவிடுமா?" என்று கேட்டார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். பேச்சாளர் சிரிக்கவில்லை. சரியான கேள்வி அய்யா, இதுதான் முழுப் பிரச்சினையுமே என்று சொல்லி, தமிழுக்கு மாறி, போர்டில் கழித்தல் கணக்கைப் போட்டுக் காட்டினார். அன்று துண்டு போர்த்த மறந்துபோனேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். எங்கள் குழுவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த நண்பர் ஒருவர் சிடி எழுதும் டிரைவ் வாங்கினார். ஊரில் அது அப்போது அபூர்வம். கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார். வெற்று சிடி கொண்டுவந்தால் எந்த சாப்ட்வேர் வேண்டுமானாலும் பதிந்து தருவார், காசு வாங்க மாட்டார். கூட்டம் நாற்பது பேராக ஏறியது அதனால்தான், என் பேச்சாளர்களால் அல்ல. எனக்குத் தூக்கம் போயிற்று. அரசாங்க ஊழியன் முன்நின்று நடத்தும் கூட்டத்தில் திருட்டு நகல் என்று யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால்? நிறுத்தச் சொன்னேன். "நாற்பதாயிரம் கடன் வாங்கி மெஷின் போட்டவன், மறுபடி பத்தாயிரத்துக்கு எங்கே போவான்? நீங்க கொடுப்பீங்களா சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் நிறுத்தினேன். அடுத்த மாதம் ஒன்பது பேர். அவர் அதற்குப் பிறகு வரவே இல்லை. மார்க்கெட்டில் பார்த்தாலும் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

இதே சண்டை அங்கேயும் நடந்திருக்கிறது. பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக எழுதிய பேசிக் மொழி, துளைபோட்ட காகித நாடாவில் இருந்தது. 1975 ஜூனில் ஆல்டேர் கம்பெனி பாலோ ஆல்டோ ஓட்டலில் ஒரு கண்காட்சி வைத்தபோது ஒரு நாடா மாயமானது. சில நாளில் ஹோம்ப்ரூ கூட்டத்தில் ஒரு பெட்டி நிறைய நகல்கள். நிபந்தனை ஒன்றுதான். ஒன்று எடுத்தால் அடுத்த முறை இரண்டாகத் திருப்பித் தர வேண்டும். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. உபயோகிப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடக் காசு கொடுத்து வாங்கவில்லை, நாங்கள் செலவிட்ட நேரத்துக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்று கணக்குச் சொல்லியிருந்தார். ஹோம்ப்ரூ மடலிலேயே அது வெளியானது. அதே காலத்தில் டாம் பிட்மன் என்பவர் சின்னதாக ஒரு பேசிக் எழுதி ஐந்து டாலருக்கு விற்றார். நகல் எடுக்கும் சிரமத்துக்கு வாங்கிவிடுவதே மேல் என்ற விலை, ஜனங்கள் வாங்கினார்கள்.

கேட்ஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஸ்டூடியோ நண்பர் கேட்ட கேள்வியும் அப்படியே நிற்கிறது. நான் செய்யாமல் விட்டது என்னவென்றால், லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அப்போதே எனக்குத் தெரியும். கணினிப் பத்திரிகைகளோடு அந்த சிடி இலவசமாகவே வந்துகொண்டிருந்தது. டிரைவைக் கொண்டுவாருங்கள், இதைப் பதிந்து கொடுங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து வேறு ஒருவரை வைத்து அதைச் செய்தேன். கூட்டம் மெல்ல இருபதுக்கு வந்தது. அவர் 2011ல் காலமானார்.

ஹோம்ப்ரூவில் முதல் நாள் மழையில் வந்த 32 பேரில் ஸ்டீவ் வோஸ்னியாக் ஒருவர். எச்.பி. கம்பெனியில் வேலை. கூட்டத்தில் கையைத் தூக்கிப் பேசவே வராத அளவு கூச்சம். அன்று கொடுத்த ஒரு சிப்பின் விவரத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, அடுத்த மாதங்களில் தானே ஒரு கணினி செய்தார். கூட்டம் முடிந்த பிறகு மேஜையில் அதை வைத்துவிட்டு நிற்பார். கேட்பவர்களுக்குப் பதில் சொல்வார், வரைபடத்தை நகல் எடுத்துச் சும்மா கொடுத்தார். அதுதான் ஆப்பிள் 1. பேச்சு முடிந்து அவரவர் திரியும் அந்த நேரம் இல்லாவிட்டால் அவருடைய பெட்டியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2000ஆம் வருஷம், ஏப்ரலோ மே மாதமோ, நல்ல வெயில். நன்றியுரை முடிந்து, பேன்களை நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஒரு பையன் நின்றான். பதினாறு பதினேழு வயது, வில்லியனூர் பக்கம் என்று நினைவு. நாலைந்து மாதமாக வந்து கடைசி வரிசையில் உட்காருவான், ஒரு வார்த்தை பேசியதில்லை. கையில் ஒரு பிளாப்பி. "சார், தமிழ் எழுத்து ஒரு பான்ட்லேர்ந்து இன்னொரு பான்ட்டுக்கு மாத்த ஒண்ணு எழுதியிருக்கேன். பாக்கறீங்களா?" என்றான். அந்தக் காலத்தில் ஒருவர் தமிழில் அடித்த கடிதத்தை வேறு பான்ட் உள்ள கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூட்டித் தீர்வு தேடிய விஷயம் அது. மணி 11.55. அடுத்த மாசம் பார்க்கலாம் தம்பி, கூட்டத்திலேயே நேரம் தருகிறேன் என்றேன். அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில் அவனுக்குப் பதினைந்து நிமிஷம் போட்டும் வைத்தேன். அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

குழு 2002ல் நின்றது. வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வர ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் மாடி ஏறத் தோன்றவில்லை. ஹோம்ப்ரூவே 1986 டிசம்பரோடு முடிந்தது. பாஸ்டனில் 13 வயதுப் பையன் ஒருவன் 1977ல் ஆரம்பித்து 30,000 உறுப்பினர்களுக்கு மேல் சேர்ந்த பெரிய குழுவையே 1996ல் கலைத்துவிட்டார்கள்.

வருகைப் பதிவு நோட்டு என்னிடம் இருக்கிறது. 2000 ஏப்ரல், மே இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடைசி வரியில் ஒரு கையெழுத்து, 'செ' என்று ஆரம்பித்து ஒரு கோடு. செல்வமா, செந்திலா தெரியவில்லை. வில்லியனூர், அரும்பார்த்தபுரம் பக்கத்து அன்பர்கள் யாருக்காவது ஆள் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும்.