இந்தியாவில் பொம்மைப் பாதுகாப்புத் தரநிலைகள்: இறக்குமதித் தடை முதல் தரக் கட்டுப்பாட்டு ஆணை வரை (2009–2020)

2009 சனவரி 23 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிக்கை, சீனாவிலிருந்து பொம்மைகளை இறக்குமதி செய்வதற்கு ஆறு மாதத் தடை விதித்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 9873 என்னும் பொம்மைத் தரநிலை அதற்கு முன்பே இருந்தது. எனினும் அதனைப் பின்பற்றுவது உற்பத்தியாளரின் விருப்பத்தைச் சார்ந்ததாகவே இருந்தது. இறக்குமதிக் கொள்கையின் வழியாகவே அது முதலில் கட்டாயத்தன்மை பெற்றது. இந்தத் தொடக்கமே பின்வந்த விதிகளின் போக்கையும் வரையறுத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தடைக்கான சூழல் முன்னரே உருவாகியிருந்தது. 2007இல் ஈயம் கலந்த வண்ணப்பூச்சின் காரணமாகச் சீனத் தயாரிப்புப் பொம்மைகள் அமெரிக்கச் சந்தையிலிருந்து பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. தில்லி, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் வாங்கப்பட்ட மென்நெகிழிப் பொம்மைகளில் ஈயமும் காட்மியமும் இருப்பதை அக்காலத்து இந்திய ஆய்வொன்றும் பதிவுசெய்தது. ஆயினும் 2009 மார்ச் 2 அன்று தடை தளர்த்தப்பட்டது. ஏஎஸ்டிஎம் எஃப் 963, ஐஎஸ்ஓ 8124, ஐஎஸ் 9873 ஆகியவற்றுள் ஒன்றற்கு இணங்கியதென்ற சான்று இருப்பின் இறக்குமதி செய்யலாம் என்றாயிற்று. 2017 செப்டம்பர் 1 அன்று இந்தியத் தரநிலைகளே இறக்குமதிக்குரிய அளவுகோலாக்கப்பட்டன. இக்காலம் முழுவதும் உள்நாட்டுப் பொம்மைக்கு இக்கட்டாயம் இல்லை. கடையின் ஒரே தட்டில் இருந்த இரு பொம்மைகளுள் கப்பலில் வந்ததற்கு மட்டுமே சான்று வேண்டியிருந்தது.

தரநிலையின் உள்ளடக்கமோ இதற்கு மாறானது. அது பொம்மையின் பிறப்பிடத்தைக் கேட்பதில்லை. குழந்தையின் உடலையே அளவுகோலாகக் கொள்கிறது. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையின் சிறு உறுப்பு எதுவும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கிவிடலாகாது. இவ்வளவு குழந்தையின் தொண்டையை உருவகித்து வகுக்கப்பட்டது. மூன்றாம் பகுதியில் கூறப்படும் வேதியியல் சோதனையில், சுரண்டியெடுத்த பூச்சு 37 பாகை செல்சியசு வெப்பநிலையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடப்படுகிறது. இது விழுங்கிய துகள் இரைப்பையில் அடையும் நிலையைப் போலச் செய்தலாகும். அவ்வாறு கரைந்து வெளிவரும் ஈயம், பாதரசம் உள்ளிட்ட எட்டுத் தனிமங்களுக்கு வரம்புகள் உள்ளன. ஈயத்தின் வரம்பு கிலோவுக்கு 90 மில்லிகிராம்.

2020 பிப்ரவரியில் இரு நடவடிக்கைகள் ஒருசேர நிகழ்ந்தன. நிதிநிலை அறிக்கை பொம்மைகளுக்கான சுங்கவரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தியது. அதே மாதம் 25ஆம் நாள் பொம்மைகள் (தரக் கட்டுப்பாட்டு) ஆணை வெளியிடப்பட்டது. 14 வயதிற்குட்பட்டோர் விளையாடுவதற்கான பொருள்கள் அனைத்திற்கும், உள்நாட்டுத் தயாரிப்பு உட்பட, ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாயிற்று. ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காலம் தாழ்ந்து வந்ததாயினும், உள்நாட்டுக் குழந்தைக்கும் உள்நாட்டுப் பொம்மைக்கும் இடையே சட்டம் முதன்முறையாக நுழைந்தது இங்கேதான்.

ஆனால் நடைமுறைக்கு வருமுன்பே, 2020 டிசம்பர் திருத்தம் இருவகைப் பொருள்களுக்கு விலக்களித்தது. கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர் செய்து விற்பவை ஒருவகை. புவிசார் குறியீட்டின் உரிமையாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனரும் செய்து விற்பவை மற்றொரு வகை. சன்னபட்டணம், கொண்டபள்ளிப் பொம்மைகளும் தஞ்சாவூர்ப் பொம்மையும் அத்தகைய குறியீடு பெற்றவை. உரிமக் கட்டணத்தையும் ஆய்வகச் செலவையும் வீட்டுத் திண்ணையில் கடைசல் பிடிக்கும் குடும்பம் தாங்காது என்பதால் இவ்விலக்கின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும் இங்கும் பொம்மையைப் பிரித்தறிவது அதனைச் செய்தவரின் அடையாளமே. அதன் மீதுள்ள பூச்சு அன்று. வெட்பாலை மரத்தில் அரக்கும் இயற்கைச் சாயமும் ஏற்றிய சன்னபட்டணப் பொம்மையையும் கடையில் வாங்கிய எனாமல் பூசிய பொம்மையையும் விலக்கு வேறுபடுத்துவதில்லை. ஈயத்தை 90 பிபிஎம் அளவிற்குக் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டு, அலங்காரப் பூச்சுகளுக்கு மட்டுமே உரியவை. தொழிலகப் பயன்பாட்டிற்கான பூச்சு அவ்விதிகளில் அடங்காது; விலக்குப் பெற்ற பொம்மையில் அதே பூச்சு ஏறினால் ஐஎஸ் 9873இன் மூன்றாம் பகுதியும் அதனைத் தொடுவதில்லை.