ஷாங்காய் நகரின் இரவரங்குகளும் நகைக்கூத்தும்

1. முன்னுரை

பெருநகரங்களின் வரலாற்றை எழுதுவோர் வாணிகத்தையும் போரையும் ஆட்சி மாற்றங்களையும் விரிவாக ஆராய்வர். அந்நகரத்து மக்கள் மாலைப் பொழுதில் எங்குக் கூடினர், எதனைக் கேட்டு நகைத்தனர் என்பதனை அடிக்குறிப்பில் அடக்கிவிடுவர். ஆயின், ஒரு மக்கட் கூட்டம் பேசிய மொழியின் உயிர்ப்பை அறிதற்கு அரசாணைகளைக் காட்டிலும் நகைக்கூத்தே சிறந்த சான்றாகும். சீன நாட்டு ஷாங்காய் நகரில் ‘ஹுவாஜி’ எனப் பெயர்பெற்று வளர்ந்த நகைக்கூத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். பல ஊர்ப் பேச்சும் ஒரு நகரில் வந்து கலந்தமையால் அக்கலை பிறந்தது. அக்கலப்பின் நுட்பத்தை அறியும் செவி மக்களிடையே குறைந்தபோது அதுவும் தளர்ந்தது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

2. நகரமும் விளக்கும்

1842-ஆம் ஆண்டின் நான்ஜிங் உடன்படிக்கையின்படி அயல்நாட்டு வாணிகத்திற்குத் திறக்கப்பெற்ற ஐந்து துறைமுகங்களுள் ஷாங்காய் ஒன்று. அடுத்த ஆண்டு நவம்பரில் அது வாணிகத்திற்குத் திறக்கப்பட்டது. நாளடைவில் பன்னாட்டுக் குடியிருப்பு, பிரெஞ்சுக் குடியிருப்பு, சீனர் ஆட்சிக்குட்பட்ட பகுதி என நகரம் மூன்று ஆட்சிகளின் கீழ்ப் பிரிந்து நின்றது. தைப்பிங் கிளர்ச்சியால் உள்நாடு கலங்கிய காலத்தில், ஜியாங்சு, செஜியாங் மாநிலத்தார் பெருந்திரளாக அயலார் குடியிருப்புகளில் அடைக்கலம் புகுந்தனர். அதன் பின்னரும் பஞ்சமும் போரும் பிழைப்பும் மக்களைத் தொடர்ந்து அங்கே கொணர்ந்தன. 1930-ஆம் ஆண்டளவில் நகரத்து மக்கள்தொகை முப்பது இலட்சத்தைக் கடந்திருந்தது. அவருள் பெரும்பாலோர் வேற்றூரிலிருந்து வந்தவரே.

இரவு வாழ்க்கைக்கு வழிவகுத்தது விளக்கு. 1865-இல் எரிவாயு விளக்கும் 1882-இல் மின்விளக்கும் நகரத் தெருக்களில் ஏற்றப்பட்டன. பொழுது சாய்ந்ததும் கடையடைத்து உறங்கும் வழக்கம் மாறி, தேநீர்க் கடைகளும் கதை சொல்லும் கூடங்களும் நாடகக் கொட்டகைகளும் நள்ளிரவு வரை இயங்கின. வேலை முடித்த கடைச் சிற்றாளும் ஆலைத் தொழிலாளியும் கணக்கரும் சென்று அமர்தற்குரிய இடங்கள் இவ்வாறு தோன்றலாயின.

3. பேருலகம்

இவ்விடங்களுள் தலைமையானது ‘தா ஷிஜியே’, அதாவது ‘பேருலகம்’, என்னும் கேளிக்கை மாளிகை. மருந்து வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டிய ஹுவாங் சூஜியு என்பவர் 1917-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிரெஞ்சுக் குடியிருப்பில் இதனைத் திறந்தார். நுழைவாயிலில் உருவத்தை நெட்டியும் குறுக்கியும் காட்டும் ஆடிகள் நிறுத்தப்பட்டிருந்தன. வந்தவர் முதலில் தம் உருவத்தைக் கண்டே நகைத்தனர்.

ஒரே நுழைவுச் சீட்டைக் கொண்டு மாளிகையின் எல்லா அரங்குகளையும் கண்டு களிக்கலாம். ஓரரங்கில் பீக்கிங் இசை நாடகமும், மற்றோரரங்கில் சூச்சௌ நகரத்துக் கதைப்பாட்டும், வேறோரரங்கில் ஷாவ்ஷிங் நாடகமும் ஒரே வேளையில் நிகழ்ந்தன. தன் ஊர்ப் பாட்டைக் கேட்க வந்தவன் ஒருவன் படிக்கட்டில் ஏறி இறங்கும்போதே பிற ஊர்ப் பாட்டுகளையும் கேட்டான். கேளாமல் இருக்க அவனால் இயலாது. பின்னர் நகைக்கூத்தர் எடுத்தாண்ட குரல்களையெல்லாம் அவையோர் முன்னரே அறிந்திருந்தமைக்கு இம்மாளிகை ஒரு பெருங்காரணம் எனலாம்.

1931-இல் ஹுவாங் சூஜியு இறந்தார். பிரெஞ்சுக் குடியிருப்பின் துப்பறியும் காவலராக இருந்தவரும் மறைகுழுத் தலைவருமான ஹுவாங் ஜின்ரோங் மாளிகையைக் கைக்கொண்டார். நகரத்தின் கேளிக்கையும் நிழலுலகமும் நெருங்கி வாழ்ந்தமைக்கு இது சான்று. 1937 ஆகஸ்டு 14-ஆம் நாள், சீன விமானத்திலிருந்து தவறி வீழ்ந்த குண்டுகள் மாளிகையின் முன் வெடித்தன. போருக்கு அஞ்சி அங்கே ஒதுங்கியிருந்த ஏதிலியரும் வழிச்செல்வோருமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நகைப்பதற்கென்று எழுப்பப்பட்ட வாயில் அன்று பிணக்குவியலைக் கண்டது.

4. ஒற்றைக்கால் கூத்து

ஹுவாஜிக் கலையின் வேர்கள் இரண்டு. முதலாவது தெரு. சிங் ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஹாங்சௌ நகரில் தூ பாவ்லின் என்னும் பேரிக்காய்ப் பாகு மிட்டாய் விற்பவர், சிறு சேகண்டியைத் தட்டி நாட்டு நடப்பை நகைப்பாட்டாகப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘ஷியாவ் ரெஹுன்’ என்பது. காய்ச்சல் மிகுதியால் அறிவு மயங்கிப் பிதற்றுபவன் என்பது அதன் கருத்து. நோயாளியின் பிதற்றலைக் குற்றமாகக் கொள்வார் இலர். ஆட்சியாளரை எள்ளுவோன் தனக்கெனத் தேடிக்கொண்ட காப்பு அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. பித்தர் பிதற்றலை நகை தோன்றும் இடங்களுள் ஒன்றாகச் செயிற்றியனார் கூறியதை இளம்பூரணர் மெய்ப்பாட்டியல் உரையில் எடுத்துக் காட்டுவர். பிதற்றல் நகைக்கு இடனாதலோடு கூத்தனுக்கு அரணாதலும் உண்டு என்பதனை இச்சீன வழக்கால் அறிகிறோம்.

இரண்டாவது வேர் மேடை. மேனாட்டு முறை தழுவிய ‘நாகரிக நாடகம்’ என்னும் உரைநடை நாடகத்தில் நகைவேடம் பூண்ட வாங் வூநெங் என்பவர், 1920-களில் தனித்து நின்று பேசியும் பாடியும் பிறர்போல் நடித்தும் அவையை நகைப்பித்தார். இத்தகைய கூத்து ‘தூஜியாவ்ஷி’, அஃதாவது ‘ஒற்றைக்கால் கூத்து’, எனப்பட்டது. பின்னாளில் இருவர் சேர்ந்து நிகழ்த்தியபோதும் அப்பெயரே நிலைத்தது. வாங் வூநெங், ஜியாங் ஷியாவ்ஷியாவ், லியூ சுன்ஷான் ஆகிய மூவரும் இக்கலையின் முதலாசிரியராகப் போற்றப்படுவர். ‘வூநெங்’ என்பதற்குத் திறமையற்றவன் என்றும், ‘ஷியாவ்ஷியாவ்’ என்பதற்கு நகை நகை என்றும் பொருள். மூவருள் லியூ சுன்ஷான் தெருப்பாடகர் மரபைப் பின்பற்றி, அன்றன்றைச் செய்திகளை நகையாக்கிப் பாடுவதில் வல்லவராயிருந்தார்.

1930-களில் தனியார் வானொலி நிலையங்கள் நகரிற் பல்கின. கூத்தர் மாளிகை மேடையைக் கடந்து வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்தனர். வானொலியில் முகம் தோன்றாது. குரல் ஒன்றே கருவி. ஆதலின் பேச்சு வேறுபாட்டைக் கொண்டு நகை விளைக்கும் முறை மேலும் கூர்மையுற்றது.

5. கிளைமொழியும் நகையும்

சொல்லுதல், போலச் செய்தல், நடித்தல், பாடுதல் ஆகிய நான்கும் இக்கூத்தின் உறுப்புகள். அவற்றுள் போலச் செய்தல் என்பது பெரும்பாலும் பல ஊர்ப் பேச்சையும் அவ்வவ்வூரார் பேசுமாறு பேசிக் காட்டுதலாம். இவ்வகையிற் புகழ்பெற்றது உடன்பிறந்தாராகிய யாவ் மூஷுவாங், ஜோ போச்சுன் இருவரும் நிகழ்த்திய ‘நிங்போ இசைவாணர்’ என்னும் கூத்து. நிங்போ ஊரான் ஒருவன் பருத்தி நூலைக் கொண்டுவருமாறு வீட்டில் இருப்பவனை ஏவுகிறான். அவ்வெளிய சொற்கள் மேனாட்டு இசையின் சுரப்பெயர்களைப்போல் ஒலிக்கின்றன. நகை முழுவதும் அவ்வொலியொப்புமையில் அமைந்துள்ளது. பிறிதொரு மொழியில் அதனைப் பெயர்த்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆரியர் பேசும் தமிழையும் நகைக்கு இடனாகச் செயிற்றியனார் குறித்தமை தமிழறிஞர் அறிந்ததே. ஆங்கு மொழிக்குரியார் ஒருபுறமும் அயலார் மறுபுறமும் நிற்கின்றனர். ஷாங்காயின் நிலை வேறு. அங்கே அவையில் இருந்தவர் பெரும்பாலோரும் வந்தேறிகள். ‘நாம்’ எனப் பொருள்படும் ஷாங்காய்ப் பேச்சின் ‘அலா’ என்னும் சொல்லே நிங்போவிலிருந்து வந்தது. தம்மைக் குறிக்கும் சொல்லையே அயலூரிலிருந்து பெற்ற மக்கள், ஒருவர் பேச்சை மற்றொருவர் கேட்டு நகைத்தனர். இன்று நகைத்தவன் நாளை நகைக்கப்பட்டான்.

இந்நகை யாவர்க்கும் ஒத்திருந்தது என்று கூறின் அது மிகையாகும். வட ஜியாங்சுவிலிருந்து வந்தோர் இழுவண்டி இழுத்தும் முடிதிருத்தியும் சுமை தூக்கியும் வாழ்ந்தனர். அவரை நகரத்தார் தாழ்வாகவே கருதினர். கூத்தரும் அவர்தம் பேச்சை எளியோர், அறியாதோர் ஆகியோரின் குரலாகப் பலகால் வழங்கினர். நகைக்கூத்து சமூகத்தின் படிநிலையைத் தகர்க்கவில்லை. பல வேளைகளில் அதனை உறுதிப்படுத்தியது என்பதனையும் ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது.

6. நடன மண்டபங்கள்

இதே காலத்தில் நகரத்துச் செல்வர் நாடிய இரவரங்கு நடன மண்டபமாகும். 1933-இல் திறக்கப்பெற்ற ‘பாய்லமென்’ மண்டபம் இவற்றுட் பேர்பெற்றது. ஜாஸ் இசையும், சீட்டு வாங்கியவரோடு ஆடும் நடனப் பெண்டிரும் அங்கே இருந்தனர். அவ்விசையில் திளைத்தற்கு மொழி வேண்டுவதில்லை, பணம் வேண்டும். நகைக்கூத்திற்கோ பணம் சிறிதே போதும், ஊர்ப்பேச்சுகளை அறிந்த செவி வேண்டும். இரவு வாழ்க்கையின் இரு பிரிவுகள் இவ்வாறு வேறுபட்டன.

நடனத் தொழிலும் நகையாடற்குரிய சிறுபொருளாக இருந்ததில்லை. சிக்கன இயக்கத்தின் பெயரால் தேசியக் கட்சி அரசு நடன மண்டபங்களை மூட ஆணையிட்டது. 1948 ஜனவரி 31-ஆம் நாள், பிழைப்பை இழக்கவிருந்த நடனப் பெண்டிரும் மண்டப ஊழியரும் ஆயிரக்கணக்கில் திரண்டு நகரத்தின் சமூக நலப் பணிமனையைத் தாக்கினர். பல நூற்றுவர் பிடிக்கப்பட்டனர். கேளிக்கை என்பது காண்பார்க்கு ஓய்வு, செய்வார்க்கு உணவு என்பதனை அந்நாள் உணர்த்திற்று.

7. புதிய ஆட்சியும் நகைக்கூத்தும்

1949-க்குப் பின் நடன மண்டபங்கள் சில ஆண்டுகளில் மறைந்தன. நகைக்கூத்து மறையவில்லை. 1940-களில் முழுநீள நாடகமாக வளர்ந்திருந்த ஹுவாஜி, பழைய நகரத்தின் கொடுமைகளை எள்ளும் கருவியாக ஏற்கப்பட்டது. 1956-இல் அரங்கேறி 1958-இல் திரைப்படமான ‘சான்மாவ் தொழில் கற்றல்’ என்னும் நாடகத்தில், பிழைப்புத் தேடி ஷாங்காய்க்கு வரும் ஏழைச் சிறுவன் முடிதிருத்துவோனிடமும் குறிசொல்வோனிடமும் சிக்கி அல்லலுறுகிறான். சிறுவனாக நடித்த வென் பின்பின் வட ஜியாங்சுப் பேச்சிலேயே பேசினார். முன்னர் இகழ்ச்சிக்கு அடையாளமாயிருந்த பேச்சு ஈண்டுத் தலைமைப் பாத்திரத்தின் பேச்சாயிற்று. அவையோர் அவனைக் கண்டு நகைப்பதை விடுத்து அவனோடு சேர்ந்து நகைத்தனர். இக்கலையின் வரலாற்றில் இதனை ஒரு திருப்பமாகக் கொள்ளலாம்.

1958-இல் தோன்றிய ‘எழுபத்திரண்டு குடித்தனங்கள்’ நெருக்கமான ஒரு குடியிருப்பில் பல ஊர்ப் பேச்சினரை ஒருங்கே வைத்து நகை விளைத்தது. அக்கதை 1963-இல் தென்சீனத்திற்கு ஏற்பத் திரைப்படமாயிற்று. பின்னர் 1973-இல் ஹாங்காங்கில் சோர் யுவென் அதனைக் காண்டனீசு மொழியிற் படமாக்கினார். அதற்கு முந்திய ஆண்டில் ஹாங்காங்கில் காண்டனீசுப் படம் ஒன்றேனும் வெளிவரவில்லை. இப்படம் பெற்ற பெருவெற்றியால் அம்மொழித் திரைப்படம் மீண்டும் தழைத்தது. ஷாங்காயின் கிளைமொழி நகை, தொலைவிலுள்ள வேறொரு மொழிக்கு வாழ்வளித்தது.

பண்பாட்டுப் புரட்சி தொடங்கிய 1966-இல் பேருலகம் மூடப்பட்டது. நகைக்கூத்துக் குழுக்களும் செயலற்றன. 1970-களின் இறுதியில் குழுக்கள் மீண்டும் கூடின. பேருலகம் 1981-இல் கேளிக்கை இடமாகத் திறந்தது. 2003-இல் மூடப்பெற்று, 2017-இல் மரபுக்கலை மையமாக மறுபடியும் திறக்கப்பட்டது.

8. செவியின் மாற்றம்

சான்மாவ் நாடகம் அரங்கேறிய 1956-ஆம் ஆண்டிலேயே பொதுமொழியைப் பரப்பும் ஆணையைச் சீன அரசு வெளியிட்டது. 2001-இல் அதற்கெனத் தனிச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் பொதுமொழியே வழங்கியமையால், நகரிற் பிறந்த சிறாரும் பெற்றோர் பேச்சை விட்டகன்றனர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்து மக்கள் 2 கோடியே 48 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருள் வேற்றிடத்திலிருந்து வந்து வாழ்வோர் ஒரு கோடிக்கு மேலாவர்.

ஈண்டு ஒரு வினா எழும். வந்தேறிகளின் பெருக்கத்தாற் பிறந்த கலை, வந்தேறிகள் பெருகியுள்ள இக்காலத்தில் தளர்வது எங்ஙனம்? முன்னாளில் வந்தோர்க்குப் பொதுமொழி இல்லை. அண்டை வீட்டான் பேச்சைக் கேட்டுக் கேட்டே பழகினர். அப்பழக்கமே கூத்தை நுகரும் தகுதியாயிற்று. இந்நாளில் வருவோர் பொதுமொழியைக் கற்றே வருகின்றனர். அண்டை வீட்டான் ஊர்ப்பேச்சை அறியும் தேவை அவர்க்கு இல்லை. ஆகவே நிங்போவின் நூல் அவர் செவிக்கு இசையாகத் தோன்றுவதில்லை.

இதனால் நகைக்கூத்தே நகரை விட்டு நீங்கிற்று எனக் கொள்ளுதல் பொருந்தாது. 2006-இல் மேடைக்கு மீண்ட ஜோ லிபோ, ஷாங்காய்ப் பேச்சில் தனித்து நின்று பேசிப் பெருங்கூட்டத்தை ஈர்த்தார். பின்னர்ப் பொதுமொழியில் ஒருவர் நின்று பேசும் புதுவகை நகையுரை இளைஞரிடையே பரவியது. பல மாநிலத்தார் சிறு அரங்குகளில் இரவுதோறும் தம் வாழ்க்கையையே நகையாக்கினர். அக்கலைக்கும் இடர் வந்தது. 2023 மே மாதத்தில், பீஜிங்கில் ஒருவர் படையைச் சுட்டி உரைத்த ஒரு நகைமொழிக்காக, ஷாங்காயைச் சார்ந்த ஒரு நிறுவனம் ஒரு கோடியே முப்பது இலட்சம் யுவானுக்கு மேற்பட்ட தண்டம் செலுத்த நேர்ந்தது. காய்ச்சலிற் பிதற்றுபவன் என்று பெயர் சூடிய பழைய பாடகனின் முன்னறிவு இங்கே நினைக்கத்தக்கது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நகைக்கூத்து கூத்தனால் மட்டும் ஆவதன்று என்பதும், கேட்போர் செவி அதன் செம்பாதி என்பதும் பெறப்படும். ஒரு கலையை மரபுச்செல்வம் எனப் பட்டியலில் ஏற்றி, அதற்கு மாளிகையும் பொருளும் வழங்குதல் அரசுக்கு எளிது. அதனைக் கேட்டு உடனே நகைக்கும் செவியை உண்டாக்குதல் அரிது. அச்செவி வீட்டிலும் தெருவிலும் விளைவது. ஹுவாஜிக் கூத்தரின் இசைத்தட்டுகளும் ஒலிப்பதிவுகளும் ஒரு காலத்துப் பேச்சு வழக்கின் சான்றுகளாக எஞ்சியுள்ளன. அவற்றைக் கிளைமொழி ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவோர், எங்கே கூட்டம் நகைத்தது என்பதனையும் உடன் குறித்தல் வேண்டும். அந்நகை எழுந்த இடமே, அம்மக்கள் ஒருவர் மொழியை ஒருவர் எத்துணை அறிந்திருந்தனர் என்பதற்கு உரிய அளவுகோலாகும்.